‘சுன்’ என்றால் மரத்துப் போவது

பஞ்சமம் சேரவில்லை. முதலில் வந்த அறிகுறி அவ்வளவுதான்.

வயலின் வாசிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸட்ஜத் தந்தியில் சுண்டு விரலை வைத்தால் பஞ்சமம் பேசும். அடுத்தாற்போலவே பஞ்சமத் தந்தி இருக்கிறது. அதில் விரலே வைக்க வேண்டாம், வில்லை இழுத்தால் போதும். இரண்டும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். பத்து வயதிலிருந்து எனக்கு ஒலித்தது. அன்று காலை ஒலிக்கவில்லை. விரலை நகர்த்தினேன், சேர்ந்தது. கையை எடுத்து மறுபடி வைத்தேன், விலகிவிட்டது.

நான் தந்தியைத் திட்டினேன். போர்ட் பிளேரில் எது கெட்டாலும் உப்புக் காற்றின் தலையில் பழியைப் போடுவது எல்லாருக்கும் வழக்கம். பட்டுப்புடவை பூசணம் பிடித்தாலும், கடிகாரம் நின்றாலும், வயலின் பலகை ஒட்டு விட்டுக்கொண்டாலும் காற்றுதான் காரணம். மெயின்லாந்துக்கு எழுதிப் புதுத் தந்தி வரவழைத்தேன். கப்பலில் வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. மாட்டி வாசித்தேன். அதிலும் சேரவில்லை. அப்போதாவது என் விரலைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? தந்திக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

நான் கச்சேரிக்காரி. கும்பகோணத்தில் படித்து, சென்னையில் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவள். அறுபதுகளில் என் வீட்டுக்காரருக்கு அந்தமானில் ரோடு போடும் வேலையில் ஓவர்சியர் உத்தியோகம் கிடைத்தது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் குவார்ட்டர்ஸ். கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் ஒன்று சொல்லியிருந்தேன், வாசிப்பை விடமாட்டேன் என்று. வருஷத்துக்கு இரண்டு தடவை கப்பலேறுவேன். அக்காவுக்கு வாசித்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்புவேன். அக்கா என்று நான் சொல்வது நான் ஏழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த பாடகியை. வில்லை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டே, மேடையில் இடது பக்கம், அதுதான் என் உத்தியோகம். இந்தக் கட்டுரை முழுக்க நான் அழப்போவது அந்த இடத்துக்காகத்தான்.

சித்திரை வாக்கில் சுண்டு விரல் முழுக்கவும் மோதிர விரலில் பாதியும் வேறு யாருடைய விரலோ போல ஆகிவிட்டன. ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் வங்காளி. நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் குறை கிடையாது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹிந்தி தெரியாது. அதனால் என்ன, என் வீட்டுக்காரர் இருக்கிறாரே! நடு அந்தமானில் ரங்கத் பக்கம் காட்டில் ஒரு வருஷம் கூலிக்காரர்களோடு கிடந்து ஹிந்தி கற்றுக்கொண்டவர். வீட்டில் தண்ணீர் கேட்பதுகூட "பானி லாவ்" என்றுதான். நாலு பேர் முன்னால் ஹிந்தி பேசச் சந்தர்ப்பம் கிடைத்தால் மனிதருக்கு மார்பு இரண்டு அங்குலம் அகலமாகும்.

"விரல் செத்துப்போன மாதிரி இருக்குன்னு சொல்லுங்க," என்றேன்.

"நான் சொல்லிக்கறேன், நீ சும்மா இரு," என்றார். டாக்டரிடம் திரும்பி, "உங்லி மே தர்த் ஹை சாப், பஹுத் தர்த்," என்றார். தர்த் என்றால் வலி. அவருக்குத் தெரிந்த நோய் அது ஒன்றுதான். காட்டில் கூலிக்காரர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் காலைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் தர்த் என்றுதான் சொல்வார்கள்.

டாக்டர் என் விரலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சுன் ஹோதா ஹை?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். நாள் முழுக்க ரோட்டில் நின்று "சுனோ, சுனோ" என்று கத்துகிறவர். சுனோ என்றால் கேள், காது கொடு. "காது கேக்குதான்னு கேக்கறார்," என்றார் என்னிடம்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "வயலின் வாசிக்கறவகிட்ட கேக்கற கேள்வியா இது? உங்களைவிட, அவரைவிட நல்லாவே கேக்குதுன்னு சொல்லுங்க."

"நஹி சாப். கான் ஏக்தம் டீக் ஹை," என்று சொன்னார். இல்லை ஐயா, காது நன்றாக இருக்கிறது.

டாக்டர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். வெளியே வராந்தா முழுக்க ஜனம் நின்றுகொண்டிருந்தது. விரலைக் கேட்டால் காதைச் சொல்கிறார்களே என்று நினைத்திருப்பார். ‘நஹி’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏதோ எழுதினார். வலிக்குத் தைலம், சத்து ஊசி, காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம்.

இதைப் படிக்கிறவர்களில் கை மரத்தவர்கள் இருந்தால் இந்த இடத்தில் அலறியிருப்பீர்கள். உணர்ச்சி இல்லாத கையில் வெந்நீர் ஒத்தடம்! இரண்டாம் வாரம் சுண்டு விரலின் பக்கவாட்டில் கொப்புளம் கிளம்பியது. "எனக்குச் சுடவே இல்லையேங்க," என்றேன். "பாத்தியா, மருந்து கேக்க ஆரம்பிச்சிடுச்சு," என்றார் அந்த மகானுபாவர். நானும் நம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவரைவிட என்னை நினைத்துத்தான்.

மார்கழிக்கு மெட்ராஸ் போனேன். கப்பலில் நாலு நாளும் கையை உருவிவிட்டபடியே போனேன்.

பக்கவாத்தியக்காரிக்கு நேரம் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அக்கா ஒரு பிடியை (ராகத்தின் ஒரு சிறு துண்டை) பாடும்போதே நான் அதன் பின்னாலேயே போக வேண்டும். அவர் எங்கே திரும்புவார் என்பது எனக்கு முன்கூட்டித் தெரியாது. அவர் திரும்பின கணத்தில் என் விரல் அங்கே இருக்க வேண்டும். காது கேட்டு, மூளை சொல்லி, விரல் போனால் நேரம் தாண்டிவிடும். விரல் தானே போகும்.

அந்த மார்கழியில் அக்காவின் கச்சேரி அன்று விரல் தானே போகவில்லை. சபை நிறைந்திருந்தது. கல்பனா ஸ்வரத்தில் (அவர் பாட நான் பதில் வாசிக்கும் இடம்) அக்கா மேல் ஸ்தாயியில் நின்று எனக்கு இடம் விட்டார். நான் எட்டிப் பிடித்தேன், சுண்டு விரல் வழுக்கிக்கொண்டு அரை ஸ்வரம் கீழே போய் உட்கார்ந்தது. அது வழுக்கியது எனக்கே தெரியாது. சத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. முன்வரிசையில் ஒருவர் தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்தினார்.

திரும்பும் காரில் அக்கா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "வடிவு, உனக்கு உடம்பு சரியில்லையா, சாதகம் இல்லையா? எதுவா இருந்தாலும் சரிபண்ணிண்டு வா. அதுவரைக்கும் வேற ஆளை வெச்சுக்கறேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபித்திருப்பேன்.

போர்ட் பிளேர் திரும்பியபோது ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். மலையாளி, மெட்ராஸில் படித்தவர். என் கையைப் பார்த்ததும் அவர் வலியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"கண்ணை மூடிக்கோங்க. நான் பஞ்சு வெச்சுத் தொடுவேன். தொட்டாச் சொன்னா மதி." மலையாளத்தில் மதி என்றால் போதும்.

மூடிக்கொண்டேன். வெளியே யாரோ இருமினார்கள், வாளி உருளும் சத்தம் கேட்டது. காத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் எனக்கே பொறுக்காமல், "ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்றேன்.

"முடிஞ்சது," என்றார்.

என் முழங்கைக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்தார். அங்கே கயிறு போலத் திரண்டு இருந்ததை நானும் அப்போதுதான் தொட்டேன். அதுதான் அல்நார் நரம்பு (முழங்கை எலும்பை ஒட்டி இறங்கி, சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி கொடுப்பது, விரல்களை விரிக்கிற சிறு தசைகளை இயக்குவதும் அதுவே). காது மடலில் தோல் கீறல் பரிசோதனை செய்தார் (தோலைச் சிறிதாகக் கீறி எடுத்துக் கிருமி தேடுவது). கிருமி தென்படவில்லை. பிறகு பெயரைச் சொன்னார். தொழுநோய். அப்போது எல்லாரும் குஷ்டம் என்றுதான் சொல்வோம்.

"உடம்பில ஒரு தேமல்கூட இல்லையே!" என்றேன்.

"தோலை விட்டுட்டு நரம்பை மட்டும் பிடிக்கற வகையும் உண்டு. உங்ககிட்டேர்ந்து யாருக்கும் ஒட்டாது. மருந்து இருக்கு, நோய் போகும். ஆனா நரம்பு..." என்று நிறுத்தி, பழைய சீட்டைப் புரட்டினார். "ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா நரம்பை மீட்டிருக்கலாம். இப்போ பத்து மாசம் ஆச்சு. இதில ‘மரத்துப் போகவில்லை’ன்னு எழுதியிருக்கே. கேட்டதுக்கு இல்லைன்னு சொன்னீங்களா?"

"அப்படி ஒண்ணு கேக்கவே இல்லையே டாக்டர். காது கேக்குதான்னுதான் கேட்டார்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "என்ன வார்த்தை சொன்னார்?"

"சுன்னுன்னு..." என்றார் என் வீட்டுக்காரர்.

"சுன்னுன்னா மரத்துப் போறது."

என் வீட்டுக்காரர் கையில் வைத்திருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. கதவைச் சாத்தியதும் திறந்தேன். "உங்க ஹிந்தியும் நீங்களும்! தெரியலைன்னா தெரியலைன்னு சொன்னா தலையா போயிடும்? என் தலை போச்சு. என் கை போச்சு. கான் டீக் ஹையாம், பெரிய பண்டிதர்!" இன்னும் எழுத முடியாததையெல்லாம் சொன்னேன். அவர் தொப்பியை ஆணியில் மாட்டினார். கடைசியில், "நான்தான்," என்றார். அதற்கு மேல் என்ன சொல்லித் திட்டுவது? அழுதேன்.

டாப்சோன் தொடங்கினார்கள் (இந்தக் கிருமியைக் கொல்லும் மாத்திரை, அந்தக் காலத்தில் வருஷக்கணக்கில் விழுங்க வேண்டும்). பிரட்னிசோலோனும் சில மாதம் (நரம்பு வீக்கத்தை அடக்குவது, எனக்கு முகம் பணியாரம் போல உப்பிவிட்டது). முழங்கைக்கு மாவுக்கட்டு. அதற்குப் பிறகு விரல் மடங்கிப் போகாமலிருக்கத் தாங்கு பட்டை. எண்ணெய் தடவி விரலை நீட்டும் பயிற்சி, தினம் மூன்று வேளை. குவார்ட்டர்ஸில் கேட்டவர்களுக்கெல்லாம் நரம்பு வீக்கம் என்று சொன்னேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

மரத்த கையோடு வாழ்வது எப்படி என்று டாக்டரம்மா சொன்னது ஒரே விதி: தொடுவதற்கு முன் பார். அடுப்பு, கத்தி, கதவிடுக்கு, எல்லாவற்றையும் கண்ணால் தொட வேண்டும். கேட்க எளிது. இரண்டு மாதம் செய்து பாருங்கள், பைத்தியம் பிடிக்கும். காய் நறுக்க முன்னைப்போல இரண்டு மடங்கு நேரம். பாத்திரம் இறக்க அடுப்புக்கு முன்னால் நின்று ஒரு யோசனை. பொறுமை வேண்டும் என்று உங்களுக்கும் சொல்வார்கள். எனக்கு வரவில்லை. இரண்டு தட்டுகளைச் சுவரில் அடித்தேன்.

என் வீட்டுக்காரர் வேறு மனிதராகிவிட்டார். அதுவும் எரிச்சல்தான். பஜாரில் மீன்காரன் ஒரு வார்த்தை சொன்னால், "அதுக்கு என்ன அர்த்தம், இன்னொரு தடவை சொல்லு," என்று மூன்று முறை கேட்பார். பஸ்ஸில் கண்டக்டரை நிற்கவைத்துக் கேட்பார். ஒரு சின்ன நோட்டில் வார்த்தைகளை எழுதிக்கொண்டார். "இந்தப் புத்தி போன சித்திரையிலே இருந்திருக்கணும்," என்பேன். "ஆமா," என்பார். மனிதரோடு சண்டை போடக்கூட வழி இல்லை.

ஒரு வருஷத்தில் நோய் அடங்கிவிட்டது என்றார்கள். சுண்டு விரல் திரும்பவில்லை. கொக்கி போல அரையாக மடங்கி நின்றது. மோதிர விரலுக்கு ஒரு பக்கம் உயிர் இருந்தது, மறுபக்கம் கட்டை. நான் வாசிப்பைப் பிரித்துப் போட்டேன். சுண்டு விரல் செய்ததையெல்லாம் ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் கொடுத்தேன். நம் சங்கீதத்தில் இழுத்து வாசிக்க இரண்டு விரலே போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் இருபது வருஷமாக நாலு விரலில் ஓடின கை அது. ஒரு வர்ணம் ஒழுங்காக வர ஐந்து மாதம் ஆயிற்று.

அக்காவுக்கு எழுதினேன். நோயின் பெயரை மறைக்கலாமா என்று நாலு நாள் யோசித்தேன். பக்கத்தில் உட்காரப் போகிறவள் நான், மறைத்துவிட்டுப் போய் உட்கார முடியாது. பெயரைப் போட்டே எழுதினேன். டாக்டரம்மா ஒட்டாது என்று தன் கைப்பட ஒரு வரி எழுதிக் கொடுத்தார். கப்பல் போய், கப்பல் வந்து, பதில் வந்தது. "வியாதி போனது சந்தோஷம். உன் கையை நான் பார்த்ததில்லை, வாசிப்பைத்தான் கேட்டேன். வந்து வாசித்துக் காட்டு." அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அன்று முழுக்க நான் வீட்டில் சிரித்துக்கொண்டே திரிந்தேன்.

போனேன். அவர் வீட்டுக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தோம். காப்பி கொடுத்தார், அதே தம்ளர்தான், தனியாக எடுத்து வைத்தது இல்லை. பாடினார். ஒரு மணி நேரம் வாசித்தேன். ஒரு ஸ்வரம் பிசகவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். முடித்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சுத்தமா இருக்கு," என்றார். "ஆனா நீ பின்னாடி வரே, வடிவு."

"எவ்வளவு அக்கா?"

"சபையில முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியறது. நான் அடுத்ததுக்குப் போகும்போது நீ இன்னும் முந்தினதில இருக்கே. நான் உனக்காக நிக்கறேன். பாடறவ பக்கவாத்தியத்துக்காக நின்னா, அது பாட்டு இல்லை."

அவர் சொன்னது உண்மை. மற்றவர்களுக்கு விரல் எங்கே இருக்கிறது என்று சத்தம் வருமுன் விரலே சொல்லும். எனக்குப் பாதிக் கை ஊமை. அது போன இடம் எனக்குக் காது வழியாகத்தான் செய்தியாக வந்து சேரும். வாசித்துவிட்டு, அதைக் கேட்டு, பிறகு நம்பி, அடுத்ததை வாசிக்கிறேன். அதற்கு ஒரு துளி நேரம் பிடிக்கிறது. எத்தனை சாதகம் செய்தாலும் அந்தத் துளி போகாது. டாக்டரம்மாவிடமும் கேட்டேன், போகாது என்றார்.

திரும்பி வரும் கப்பலில் வயலின் பெட்டியைக் கடலில் எறிந்துவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. எறியவில்லை. தைரியம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எட்டு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வரும். அப்போது யாராவது வந்து, "உயிரோடு இருக்கியே, அதுவே பெரிசு," என்று சொல்வார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் ராமநவமி வந்தது. பக்கத்துப் புரோத்ராபூரில் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் பஜனைக்கு ஒரு பாட்டுக்காரர் மெயின்லாந்திலிருந்து வருவதாக இருந்தது. கப்பல் தள்ளிப்போய்விட்டது. தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர் அங்கே மிருதங்கம் வாசிப்பார், வேகத்துக்குப் பேர் போனவர். அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "யாரும் இல்லைம்மா. நீங்க தனியா அரை மணி வாசிங்க போதும்," என்றார். எனக்குக் கை சரியில்லை என்றேன். தெரியும் என்றார். என்ன தெரியுமோ, நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து எனக்கு எதிரே வைத்தார். அதற்கும் திட்டினேன்.

வாழ்நாளில் நான் தனியாக வாசித்ததில்லை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வில்லை வைத்துக்கொண்டு பழக்க தோஷத்தில் வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே பாட யாரும் இல்லை, வெற்றுப் பாய்தான் கிடந்தது. யாரும் எங்கேயும் திரும்பப் போவதில்லை. நான் விரலை வைத்து, கேட்டு, சரி என்று தெரிந்த பிறகு அடுத்ததற்குப் போகலாம். அவசரப்படுத்த ஆளில்லை. அந்தத் துளி நேரம் அப்படியே இருந்தது, ஆனால் இடையில் மாட்டிக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். அக்கா பக்கத்து இடம் போனது போனதுதான், அதை நினைத்து இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அன்று கோபத்தோடேதான் ஆலாபனை செய்தேன்.

கீர்த்தனை தொடங்கினதும் மிருதங்கக்காரர் இரண்டு ஆவர்த்தனம் வாசித்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"ரொம்பப் பின்னாடி இழுக்குதும்மா. கொஞ்சம் தூக்கிக்கலாமா?"

"இவ்வளவுதான் போகும்," என்றேன். "கூட வர முடிஞ்சா வாங்க."